அழுத்து… பிடி… விடாதே!

ஐம்பதைத் தாண்டிய ஆம்பிளைக்குச் சர்க்கரை வரும், கொழுப்பு வரும். இரண்டுக்கும் கிளினிக்கில் மாத்திரை உண்டு. ஸ்போர்ட்ஸ் காடி ஆசை வந்தால் மட்டும் மாத்திரை கிடையாது. எனக்கு மூன்றும் ஒரே வருஷத்தில் வந்தன. டாக்டர் இரண்டைத்தான் கண்டுபிடித்தார்.

காடி, மஸ்டா எம்எக்ஸ்-5. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிறந்து, அங்கே யாரோ ஒரு மகராசனிடம் ஒழுக்கமாக வளர்ந்து, ரீகண்டிஷன் காடியாகக் கப்பலேறி மலேசியாவுக்கு வந்து, கைமாறிக் கைமாறி, கடைசியில் ஜார்ஜ்டவுனில் டத்தோ கெராமாட் பக்கமுள்ள என் வீட்டுப் போர்ச்சில் வந்து மாட்டிக்கொண்டது. 1,600 சிசி எஞ்சின், துணிக் கூரை, பட்டனைத் தட்டினால் பானெட்டிலிருந்து எழும்பி நிற்கும் முகப்பு விளக்குகள். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதனால் தள்ளுவதற்குச் சுலபம். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தக் காடி பிறந்ததற்கு ஒரு பத்திரிகைக்காரர்தான் காரணம். 1970களில் பாப் ஹால் என்ற அமெரிக்கர், மஸ்டாவின் பெரிய தலைகளில் ஒருவரான கெனிச்சி யமமோட்டோவைப் பார்த்துப் பேசியபோது, அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் காடி மாதிரி கூரையைத் திறந்துவிட்டுக் காற்றில் போகிற சின்ன ஸ்போர்ட்ஸ் காடி ஒன்று நீங்கள் செய்யலாமே என்று சொல்லிவைத்தார். ஜப்பானியர்கள் சொன்னதை மறக்கிற ஜாதி இல்லை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது காடியும் வெளியே வந்தாயிற்று. அந்தப் பத்திரிகைக்காரர் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா இருந்திருப்பேன்.

வாங்கிய புதிதில் வீட்டில் பட்ஜெட் விவாதம் நடந்தது. நான் எதிர்க்கட்சி. "ரோட் டாக்ஸ் வருஷத்துக்கு வெறும் 90 ரிங்கிட்தான்" என்று ஆரம்பித்தேன். அந்தக் காடியைப் பற்றி நான் சொன்னவற்றில் மலிவான விஷயம் அது ஒன்றுதான். "அம்மாவை எங்க உட்கார வைக்கிறது?" என்றாள் மனைவி. அம்மா என்றால் அவளுடைய அம்மா. நான் முகத்தை மிகுந்த வருத்தமாக வைத்துக்கொண்டு, "என்னம்மா செய்றது, ரெண்டு சீட்டுதானே" என்றேன். அந்த வருத்தத்துக்கு ஒரு விருது கொடுத்திருக்கலாம். மாமியார் உள்ளே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதவற்றை அவர் சேர்த்து வைப்பவர்.

பினாங்கில் கூரை திறக்கிற காடி வைத்திருப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? பகலில் திறந்தால் மண்டை வெந்துவிடும். சாயங்காலம் திறந்தால் மழை. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர் இது. திறக்கத் தோதான நேரம் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை. அப்போது நான் அதில் போய் ரொட்டி சானாய் வாங்கி வருகிறேன். சிகாகோவில் கைதட்டல் வாங்கிய காடியின் பக்கத்துச் சீட்டில் சீட் பெல்ட் போட்டுப் பருப்புக் குழம்புப் பொட்டலம் உட்கார்ந்து வரும்.

முதல் தோல்வி மழையால் வந்தது. காடியைக் குறை சொல்ல மாட்டேன். கூரையில் விழும் தண்ணீர் இறங்கி ஓட, சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஓட்டை வைத்து, அதிலிருந்து குழாய் விட்டு, அடியில் வெளியேறும்படி அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கும் என்பது ஹிரோஷிமாவில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அதன் இலை பொடிப் பொடியாக உதிரும். உதிர்ந்தது ஓட்டைக்குள் போகும். போனது ஊறும், ஊறியது அடைக்கும். ஒருநாள் காலை உள்ளே காலை வைத்தேன், சளக் என்றது.

மனைவி எட்டிப் பார்த்தாள். கார்ப்பெட்டில் தேங்கிய தண்ணீரில் ஏதோ நெளிகிற மாதிரி அவளுக்குப் பட்டது. "சுகாதார இலாகாக்காரங்க கொசுப் புழு பார்க்க வந்தா, பூச்சட்டியக் காட்ட மாட்டேன். நேரா இங்கதான் கூட்டிட்டு வருவேன்" என்றாள். டெங்கிக்காக அபராதம் கட்டும் முதல் ஸ்போர்ட்ஸ் காடிக்காரனாக நான் இருக்க விரும்பவில்லை.

உடனே டயருக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து வந்து, ஓட்டையில் வைத்து அழுத்தி ஊதினேன். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். அடைப்பு போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அடைப்பு போகவில்லை, குழாய்தான் கழன்றது. இந்தக் குழாயில் காற்று அடிக்கவே கூடாதாம், அடித்தால் இணைப்பு விட்டுவிடுமாம். வளைந்து கொடுக்கிற எதையாவது மெதுவாக விட்டுக் குடைய வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் புல்வெட்டும் மெஷினிலிருந்து ஒரு முழம் நைலான் கயிற்றை வெட்டிக் கொடுத்தார். அதை அவர் முதலிலேயே கொடுத்திருக்கலாம். வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு நான் பம்பு அடிப்பதை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றார். கஸ்டம்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குற்றம் முழுசாக நடந்து முடிந்த பிறகுதான் கை வைப்பார்.

அடுத்தது விளக்கு. அதன் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், அவ்வளவுதான் நான் செய்தது. அன்று ராத்திரி பட்டனைத் தட்டினால் வலது விளக்கு எழுந்தது, இடது எழவில்லை. தைப்பூசத்துக்கு முந்தின வாரம். தண்ணீர்மலைப் பக்கம் ஜனம் நடமாடுகிறது. சிக்னலில் நின்றபோது பால்குடத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண்களைப் பார்த்து என் காடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அதில் ஒரு அம்மாள் காடியை விட்டுவிட்டு என்னை முறைத்தார். நான் குனிந்தவன் சிக்னல் பச்சையாகும் வரை நிமிரவில்லை. பானெட்டைத் திறந்தால் விளக்கு மோட்டாரின் தலையில் ஒரு ரப்பர் மூடி, அதற்கடியில் ஒரு திருகு. கையாலேயே திருகி விளக்கை மேலே கொண்டுவரலாம். அதைச் சரிசெய்யும் வரைக்கும் ராத்திரியில் புறப்படும் முன் இறங்கிப் போய்க் கையால் கண்ணைத் திறந்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் போர்மேனிடம் கொடுக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுக்கிறேன். நான் பழுது பார்த்த பிறகு கொடுக்கிறேன். நாங்கள் போகிற சீனக் கிழவர் ரொம்பப் பொறுமைசாலி. "சென்டிரி புவாட்?" என்று மலாயில் ஒரே கேள்வி. நீயே செய்ததா என்கிறார். ஆமாம் என்று தலையாட்டினால், பேசாமல் காடியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பிறகு வேலை பழகும் பையன்களை எல்லாம் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். அவர்களுக்கு அது பாடம்.

டைமிங் பெல்ட்டை மட்டும் அவரே மாற்றினார், என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு. இரண்டு கேம் புல்லிகளிலும் ஒவ்வொரு அடையாளம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பெல்ட்டில் 19 பல் வர வேண்டும். நானும் எட்டி எட்டி எண்ணினேன். ஒருமுறை 18 வந்தது, ஒருமுறை 20 வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார். ஆனால் ஒரு நல்ல சேதி சொன்னார். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தே போனாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. காடி அந்த இடத்திலேயே நிற்கும், எஞ்சின் பிழைக்கும். என்னை நினைத்துத்தான் அப்படிச் செய்திருப்பார்கள் என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

இனி கிளச். ஜெலுத்தோங்கில் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருக்கும்போது பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. கியர் விழவில்லை. பின்னால் நின்றவர்கள் பினாங்கில் புழங்கும் எல்லா மொழிகளிலும் ஹாரன் அடித்தார்கள். ஸ்லேவ் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டது. சாமான் விலை கொஞ்சம்தான், கூலிதான் ஜாஸ்தி. கூலியை மிச்சம் பிடிப்பது என்று முடிவு செய்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக வருகிறது.

கூலியை மிச்சம் பிடிக்க முதலில் ஆயுதம் வேண்டும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குக் காலையிலேயே போனேன். சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில், பழைய கடிகாரம், பழைய நாணயம், ஒற்றைச் செருப்பு, தாத்தா காலத்து இஸ்திரிப் பெட்டி என்று சகலமும் தரையில் விரித்துக் கிடக்கும். ஒரு ஸ்பேனர் செட்டும் காடியைத் தாங்க இரண்டு ஸ்டாண்டும் பேரம் பேசி வாங்கினேன். கூடவே ஒரு பித்தளைக் கூஜா. கூஜா எதற்கு என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஸ்பேனர் செட்டில் எனக்கு வேண்டிய அளவு மட்டும் இல்லை.

புது சிலிண்டரை மாட்டியது வரை ஒழுங்காகவே நடந்தது. அதற்குப் பிறகு குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்து நிப்பிளைத் திறக்க, காற்றுக் குமிழோடு எண்ணெய் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன காற்று திரும்பி உள்ளே வந்துவிடும். ஆக, ஒருவர் சொல்வதை மற்றவர் சொன்னபடி கேட்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் செய்து பார்க்காத வேலை.

"அழுத்து" என்றேன். அழுத்தினாள். "பிடி" என்றேன். பிடித்தாள். நிப்பிளைத் திறந்தேன், குமிழ் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணனின் நாய் அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு ஓட, அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "விடு! விடு!" என்று கத்தினார். மனைவி விட்டாள். நான் கீழேயிருந்து "விடாதே!" என்று அலறினேன். நாய் பயந்து செருப்பை விட்டது. அன்றைக்கு நான் சொன்னதற்குப் பலன் கிடைத்தது அந்த ஓர் இடத்தில்தான்.

மறுபடியும், மறுபடியும். எண்ணெய் பாட்டிலைப் பார்த்த அண்ணன், "தம்பி, இது எப்ப திறந்தது?" என்றார். போன தீபாவளிக்கு. கிளச்சுக்கு ஊற்றுவதும் பிரேக் எண்ணெய்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமாம், திறந்து வைத்ததை ஊற்றவே கூடாதாம், அதுவும் நம் ஊர் ஈரத்துக்கு. பதறிப்போய் எழுந்ததில் பாட்டில் சாய்ந்து முன்பக்க ஃபெண்டரில் வழிந்தது. அந்த எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு, பெயிண்டைத் தின்னும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும். நான் சட்டையால் துடைத்தேன். சட்டை சிவப்பாயிற்று.

"ஏங்க, நீங்க மேல வாங்க. நான் கீழ போறேன்" என்றாள் மனைவி. அவள் அப்பா பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டியவர். லோரிக்கு அடியில் அவர் படுத்திருக்க, டார்ச் பிடித்து வளர்ந்த பெண் என்பதை அன்றைக்குத்தான் சொன்னாள். நான் கேட்டதில்லையாம். பழைய டிராக் பேண்ட்டை மாட்டிக்கொண்டு கீழே போனவள், ஸ்டாண்டு இரண்டையும் ஆட்டிப் பார்த்து, ஒன்றைச் சரியாகத் தள்ளி வைத்தாள். "அழுத்து, விடு எல்லாம் வேணாம். ஒண்ணுன்னா அழுத்துங்க, ரெண்டுன்னா எடுங்க. வேற எதுவும் செய்யாதீங்க."

வேற எதுவும் என்பதில் தே தாரிக் குடிப்பதும் அடக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. கோப்பையை எட்டி எடுத்தபோது கால் கொஞ்சம் எழும்பிவிட்டது. கீழேயிருந்து சத்தமே வரவில்லை. பிறகு மெதுவாக, "கோப்பைய கீழ வைங்க" என்றாள். அவளுக்கு அங்கிருந்து என் கால்கூடத் தெரியாது. கோப்பை எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெடல் கல்லாக நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு ரவுண்டு பார்த்துட்டு வரேன்." நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனேன். அங்கே மாமியார் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். கண்ணில் புரை அறுத்தபோது கொடுத்த கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். சேலை மாற்றியிருந்ததைப் பார்த்தால் வெகு நேரமாகவே தயாராக இருந்தார் என்று தெரிந்தது. கூரை திறந்தது. பின் கண்ணாடியின் ஜிப்பை அவிழ்த்துவிட்டுத்தான் கூரையை மடக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் கீறிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமியாரே அவிழ்த்துவிட்டார்.

தெலுக் பகாங்கில் ஏறி, தித்தி கெராவாங் அருவிப் பக்கம் வளைந்து வளைந்து பாலேக் பூலாவுக்கு இறங்கும் அந்த ரோட்டில் ஓட்டத்தான் நான் இந்தக் காடியையே வாங்கினேன். இன்னும் ஓட்டியதில்லை. மத்தியானம் வரை காத்திருந்தேன். பசி. மனைவிக்குப் போன் போட்டேன். பாலேக் பூலாவில் இருவரும் லக்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாம்மா" என்றேன்.

போன் கைமாறியது. மாமியாரின் குரல், மிகுந்த வருத்தத்தோடு:

"எங்க மாப்ள வைக்கிறது? ரெண்டு சீட்டுதானே."