பீரோவுக்கு ஒரு ஜமக்காளம்

கேள்வி: புது வீட்டில் மரத்தரை. அம்மா கொடுத்த இரும்பு பீரோவை அடுத்த அறைக்கு மாற்ற வேண்டும். தரையில் கோடு விழாமல் நகர்த்த வழி உண்டா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பீரோவுக்கு நாலு கால் இருந்தும் நடக்கத் தெரியாது, தரைக்கு வலித்தாலும் கத்தத் தெரியாது. இரண்டுக்கும் சேர்த்து நீங்கள்தான் யோசிக்க வேண்டும், அம்மா.

முதலில் துடைப்பத்தை எடுங்கள். மரத்தைக் கீறுவது பெரும்பாலும் பீரோ அல்ல, அதன் அடியில் மாட்டிக்கொண்ட மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. சாதாரண இரும்பு ஆணியைவிடக் கடினம். தேக்கு எந்த மூலைக்கு! அதனால் ஒரு பொடி இல்லாமல் கூட்டிவிடுங்கள்.

அடுத்து பீரோவைக் காலி செய்யுங்கள். பட்டுப்புடவைகளின் எடை தூக்கும்போதுதான் தெரியும். இரண்டு பேர் ஒரு பக்கத்தை லேசாகச் சாய்க்க, மூன்றாமவர் பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்துக் கால்களுக்கு அடியில் செருகட்டும். மறுபக்கமும் அப்படியே. பிறகு பீரோவைத் தள்ளாதீர்கள், ஜமக்காளத்தை இழுங்கள். பீரோ பின்னாலேயே வரும். கவிழாமலிருக்க ஒருவர் பிடித்துக்கொண்டே நடக்கட்டும்.

சக்கர வண்டி வைத்தால் கீழே பிளைவுட் பலகை விரியுங்கள். பீரோவின் மொத்த எடையும் நாலு சின்னச் சக்கரத்தில் இறங்கினால் மரம் குழிந்துவிடும். புது இடத்தில் ஒவ்வொரு காலுக்கும் கனமான கம்பளித் துண்டு ஒட்டிவிடுங்கள்.

உங்கள் தரை லேமினேட் என்றால் இரட்டைக் கவனம் தேவை. அசல் மரத்தை இழைத்து மெருகேற்றலாம்; லேமினேட்டில் விழுந்த கோடு விழுந்ததுதான்.