காலாவதியாகும் ஞானம்

உரிமம் பெற்ற உணவு விடுதிகளில் 25 ஊழியருக்கு ஒருவரேனும் சுகாதாரப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருத்தல் வேண்டுமென்றும், அவர் பெறும் சான்றிதழுக்கு ஆயுள் 2 ஆண்டுகளே என்றும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்திருக்கும் நியதி மெத்தச் சரியானதே. இலுப்பூர்க் கடைவீதிச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் அச்சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துக்குள், முருகன் படத்துக்கு அடுத்த ஸ்தானத்தில், ஊதுபத்திப் புகையையும் வடைச்சட்டிப் புகையையும் சமபாகமாக ஏற்றுக்கொண்டு விளங்குகிறது. முடிவுத் தேதி அச்சிட்ட மூலையில் மட்டும் எவரோ பரம பக்தியுடன் சந்தனப் பொட்டு இட்டிருக்கிறார்கள். உள்ளே மாவு பிசையும் மாஸ்டர், தவணை முடியும் அந்த நள்ளிரவில் சோப்பு போட்டுக் கைகழுவும் வித்தையை அடியோடு மறந்து, புதுப்பித்த மறுகணமே மீண்டும் நினைவுகூர்வார் என்பது சாஸ்திரம் போலும்.

ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழுக்கும் ஆதியில் 7 ஆண்டே விதித்திருந்தார்கள். 2021-இல் மத்திய சர்க்கார் மனமிரங்கி, 2011 முதலே செல்லுமாறு அதற்குச் சிரஞ்சீவிப் பட்டம் அளிக்கவே, காலாவதியாகிப் பெட்டியடியில் கிடந்த சான்றிதழ்களெல்லாம் உயிர்பெற்று எழுந்தன. பலருக்கு வேலைதான் கூடவே எழுந்து வரக் காணோம்.