துருத்தியதிகாரம்

பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்று இலக்கணக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே முதலில் அது. ஆக்கியோன் பெயர்: அடக்கம் கருதி விடப்பட்டது. எல்லை: வடக்கே பொன்முடி, கிழக்கே போணக்காடு, தெற்கே பேப்பாறை அணை, மேற்கே நெடுமங்காட்டுச் சந்தை, நடுவே வித்துரா. நுதலிய பொருள்: கன்செர்டினா என்னும் அறுகோணக் கைத்துருத்தியை வைத்துக்கொண்டு, பாடுகிறவரின் தொண்டையை நெரிக்காமல், பாட்டுக்குப் பின்னே போகும் முறை. கேட்போர்: இனிமேல்தான் வர வேண்டும். பயன்: பக்கத்து வீட்டாருக்கு.

வித்துராவில் கன்செர்டினா வாசிப்பவர் எவரையும் இந்த ஆய்வாளர் சந்தித்ததில்லை. அதனால் ஆய்வு முற்றிலும் நடுநிலையோடு நடந்தது.

இருந்தும் இந்த இலக்கணம் எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. போணக்காட்டிலிருந்து காட்டுவழியே ஏறினால் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். தமிழின் முதல் இலக்கண ஆசிரியர் அங்கேதான் இருக்கிறார் என்பது மரபு. அவர் செய்த அகத்தியம் இயல், இசை, நாடகம் மூன்றுக்கும் விதி சொன்னதாம், நூல் மறைந்துவிட்டது. மறைந்த ஏடுகளில் கன்செர்டினாவுக்கு ஓர் இயல் இருந்திருக்கும் என்று நாம் துணிந்தால், மறுக்க எவரிடமும் ஏடு இல்லை. கருவிக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லையே என்பார் உளர். முனிவர்களுக்கு முக்காலமும் தெரியும்.

இரண்டாவது சான்று இன்னும் வலுவானது. இதே வித்துராவில், மலையடிவாரத்தில், 2008இல் தொடங்கப்பட்ட ஐசர் என்னும் அறிவியல் நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே இயற்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்ஸ்டன் பாலம் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பாலத்தை 1833இல் முதலில் சொன்னவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. பத்து ஆண்டு கழித்து சார்லஸ் வீட்ஸ்டன் அதை எடுத்து விளக்க, பெயர் இவருக்குப் போயிற்று. வாத்திய வியாபாரக் குடும்பத்தில் பிறந்த அதே வீட்ஸ்டன்தான் 1829இல் வாயால் ஊதும் ஒரு பொத்தான் கருவிக்குக் காப்புரிமை வாங்கி, அதற்குத் துருத்தி கட்டிக் கன்செர்டினாவாக்கி, 1844இல் மறுபடியும் காப்புரிமை வாங்கினார். தான் கண்டுபிடித்த பெட்டியில் அவர் பெயர் ஒட்டவில்லை. பிறர் கண்ட பாலத்தில் ஒட்டிக்கொண்டது. கணக்கு நேராகிவிட்டது.

வீட்ஸ்டனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. மேடையில் பேச அவருக்குக் கூச்சம். அவருடைய ஆய்வுகளை லண்டனில் மைக்கேல் ஃபாரடே எழுந்து நின்று விளக்குவார். முதல் நூற்பா இங்கிருந்துதான் கிளைக்கிறது:

பாடுவார் முற்படப் பெட்டி பிற்படும்.

என்பது, பக்கவாத்தியத்துக்கு உரிய இடம் உணர்த்திற்று. முற்படுதல் என்றது காலத்தாலும் ஒலியாலும் எனக் கொள்க. ‘பாடுவாரும் பெட்டியும் ஒருங்கு செல்லின் என்னாம்?’ எனின், அது பெட்டிக்காரரின் ஆசை. இலக்கணம் அதற்கு இடம் தராது.

இனி உறுப்பியல். ஆங்கில வகைக் கன்செர்டினாவில் பொத்தான்கள் 48. ஒவ்வொன்றுக்கும் இழுக்க ஒரு நாக்கு, அமுக்க ஒரு நாக்கு. ஆக 96 உலோக நாக்குகள். சுரங்களை இரு கைக்கும் மாறி மாறிப் பங்கிட்டார் வீட்ஸ்டன். மேனாட்டு இசைத்தாளில் கோட்டின் மேல் வரும் சுரங்கள் இடக்கைக்கு, கோடுகளின் நடுவே வருபவை வலக்கைக்கு. ஒரு கட்டையில் சரளி வரிசை பிடித்தால் ச, க, ப, நி இடப்பக்கம். ரி, ம, த வலப்பக்கம். மேல் சட்ஜம் வலக்கைக்குத் தாவிவிடும். கீழே இடக்கைக்காரராக இருந்த அதே சட்ஜம் மேலே போனதும் கட்சி மாறுவதில் நமக்கு வியப்பில்லை.

சட்ஜமும் அதன் பஞ்சமமும் மட்டும் எந்தக் கட்டையிலும் ஒரே கையில், அடுத்தடுத்து அமைகின்றன. பாட்டுக்குச் சுருதி கொடுக்க ஒரு கையின் இரண்டு விரல் போதும். மற்றக் கை சும்மா இருக்கலாம். கற்பவருக்கு இந்தச் சும்மா இருத்தல்தான் கைவருவதில்லை. 48 பொத்தானுக்குக் காசு கொடுத்தவர் இரண்டில் எப்படி நிற்பார்? ஆகவே:

ஒன்றும் ஐந்தும் ஒலித்தல் தலையே;
ஏனைய எல்லாம் ஏவினால் வருமே.

ஏவினால் என்றது பாடுவார் ஏவினால். தன் விரல் ஏவினால் என்று பொருள் கொள்வார் உளர், அது பொருந்தாது.

ஐந்தரைக் கட்டைக்குப் பாடுகிற அம்மாள் வந்து உட்கார்ந்தால் நிலைமை கடினம். அவருடைய சட்ஜத்துக்கு இடப்பக்கம் ஜி ஷார்ப் என்று ஒரு பொத்தான், வலப்பக்கம் ஏ பிளாட் என்று இன்னொன்று. பழைய சுருதி முறையில் இரண்டுக்கும் நூலிழை வித்தியாசம் இருந்தது. பின்னால் ஒன்றாகிவிட்டாலும் பொத்தான்கள் அப்படியே நின்றன. பன்னிரண்டு சுரத்தானங்களுக்குப் பதினாறு பெயர் வைத்திருக்கும் நாம் வீட்ஸ்டனைக் குறை சொல்ல முடியாது.

துருத்திக்கு வருவோம். ஆர்மோனியப் பெட்டிக்குள் காற்றைச் சேமிக்க ஒரு பை உண்டு. ஒரு கையால் துருத்தி போட்டுவிட்டுச் சற்றே ஓய்ந்தாலும் ஒலி நிற்காது. கன்செர்டினாவில் சேமிப்பு கிடையாது. இழுத்த காற்று இழுத்தவுடனே செலவு, தினக்கூலிக் குடும்பம் மாதிரி. மூன்று பொத்தான் சேர்த்து அமுக்கினால் மூன்று பங்கு காற்றுப் போகும். கற்பவர் ஆசையாக மூன்று சுரம் கூட்டி வைப்பார். பாடுகிறவர் கார்வை பிடித்து நிற்கும் நேரம் பார்த்துத் துருத்தி முழுநீளம் விரிந்து, மேலே போக வழியின்றித் திணறும். திரும்பும்போது ஒரு விக்கல் கேட்கும். கேட்டவர்கள் பாடகரைத்தான் பார்ப்பார்கள்.

மூச்சு விடுமிடம் துருத்தி திரும்புக.

மூச்சு யாருடையது எனின், பாடுவாருடையது. அவர் எங்கே மூச்செடுப்பார் என்பது ராகத்தைவிட முக்கியமான பாடம். அதை அறிய அவரோடு நாள்பட உட்கார வேண்டும். கன்செர்டினாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தால் சீக்கிரம் வரும்.

தெருவில் நின்றபடி, நடந்தபடி, வாசிப்பவரே பாடவும் செய்யலாம் என்பதால் இரட்சணிய சேனைக்காரர்கள் இந்தப் பெட்டியை உலகமெங்கும் தூக்கிப் போனார்கள். 1882இல் ஃபிரெடரிக் பூத்-டக்கர் பம்பாயில் வந்து இறங்கியபின் சேனை தெற்கே திருவிதாங்கூர்வரை பரவி, நாகர்கோவிலில் மருத்துவமனையும் கட்டியது. ஆனால் இந்த மண் தத்தெடுத்தது கன்செர்டினாவை விட்டு அதன் பங்காளியான ஆர்மோனியத்தை. பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை வாங்கிய அந்தக் கால்மிதிப் பெட்டியை நாம் தரையில் உட்கார வைத்து, கையால் துருத்தி போட்டு, சம்மணமிட்டு வாசித்தோம். தமிழ் நாடகக் குழுக்கள் திருவிதாங்கூரில் போட்ட ஆட்டத்தின் சூட்டில் மலையாளத்தில் 1892இல் ‘சங்கீத நைஷதம்’ எழுந்தது. வி. சாம்பசிவன் திருவிழா மேடையில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவைக் கதாபிரசங்கமாகச் சொன்னபோதும் பின்னால் பெட்டி இருந்தது.

பெட்டிக்கு வினை வெள்ளைக்காரரிடமிருந்தே வந்தது. தில்லி வானொலியில் மேனாட்டு இசையைக் கவனித்த ஜான் ஃபோல்ட்ஸ், ஆர்மோனியம் இந்திய இசைக்கு ஆகாது என்று 1938இல் எழுதினார். உலோக நாக்கு ஒரே சுரத்தில் விறைத்து நிற்கும், கமகத்துக்கு வளையாது என்பது குற்றச்சாட்டு, அது உண்மையும்கூட. தலைமை அதிகாரி லயனல் ஃபீல்டன் 1940 மார்ச் 1 முதல் தடை போட்டார். தாகூரும் ஆமென்றார். 1950இல் திருவனந்தபுரம் நிலையம் அகில இந்திய வானொலியில் சேர்ந்தது. தடையும் கூடவே சேர்ந்தது. 1971இல்தான் தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளிலும் வித்துவான்கள் தங்கள் சுருதியை ஆர்மோனியக் கட்டைக் கணக்கில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை வானொலி கவனித்ததாகத் தெரியவில்லை.

வளையாத நாக்கை வைத்து வளைகிற பாட்டுக்குப் பின்னே எப்படிப் போவது? விடை மலைக்கு அந்தப் பக்கம், 1956வரை திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையில் கிடைக்கிறது. அங்கே 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். தம்பியின் பிருகாக்கள் புகழ்பெற்றவை. எந்தப் பெட்டியும் அவற்றைப் பிரதி எடுக்க முடியாது. பிரதி எடுக்க முயலாமல் அசைவு முடிந்து குரல் இறங்கும் சுரத்தில் போய் முன்பே காத்திருப்பதுதான் வழி. தொடங்கும் சுரம், தங்கும் சுரம், முடியும் சுரம்: மூன்றும் பெட்டிக்கு. நடுவில் உள்ளதெல்லாம் பாடுவாருக்கு. கன்செர்டினாவுக்கும் இதுவே பொது விதி. உடன்பிறந்தவர்களுக்கு இது எளிதாக வருமா என்றால், சொத்துப் பிரிப்பதற்கு முன்னால் வரும்.

எஞ்சியவற்றைப் புறனடையால் முடிப்பது மரபு. பாடுகிறவர் அடி மறந்து மலங்க விழிக்கும் இடத்தில் மேற்சொன்ன எல்லா விதியும் தள்ளுபடி. அங்கே 48 பொத்தானையும் திறந்துவிடலாம்; துருத்தி விக்கலாம்; மேல் சட்ஜம் எந்தக் கட்சிக்கும் போகலாம். கைதட்டல் எழுந்தால் பாடியவர் எழுந்து கும்பிடுவார்.