ஜெயித்த பிறகு நம்ம பிள்ளை

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள ஆனைகட்டியில் ஒரு பையன் ஆறரையடி உயரத்துக்கு வளர்ந்து, பத்தடி உயர வளையத்துக்குள் பந்தைச் சர்வசாதாரணமாகப் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ முடிக்கப் போகிறான். கிழக்கே தடாகம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் இறங்கினால் கோயம்புத்தூர். அங்கே கூடைப்பந்தை விட்டால் வேறு பேச்சே பேசாத பீளமேட்டுக் கல்லூரிகள். மேற்கே போனால் கோட்டத்தறையில் அட்டப்பாடிக்கென்று வந்த அரசுக் கல்லூரி. அதையும் தாண்டிச் சுரம் இறங்கினால் மண்ணார்க்காடு, அப்புறம் பாலக்காட்டு விக்டோரியா கல்லூரி. எல்லையில் பிறந்தவனுக்கு இரண்டு மாநிலமும் மாமன் வீடுதான்; எந்த வீட்டுக்குப் போனாலும் இன்னொரு வீடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், நியாயப்படி. ஆனால் இந்தப் பையன் எந்தக் கல்லூரியில் சேரப் போகிறான் என்ற கவலையில் இங்கே யாருக்காவது தூக்கம் கெடுமா? கெடாது. ‘உசரமா இருக்கான், போலீஸ்ல சேத்து விடுங்க’ என்பதற்கு மேல் டீக்கடையில் ஆலோசனை நீளாது. கொட்டாவி விட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பார்ப்பார்கள். இது விளையாட்டு உணர்வே இல்லாத ஊர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உலகத்திலேயே மிகவும் முதிர்ச்சியான ரசிகர்கள் நாம்தான் என்பது என் கட்சி. முன்கூட்டி ஏங்கும் வழக்கம் நமக்குக் கிடையாது. பின்னால் போய் உரிமை கொண்டாடுவதுதான் நம் முறை. அந்த முறையில் நஷ்டமே வராது.

முன்கூட்டி ஏங்குவதில் கரை கண்டவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பள்ளிக்கூட நட்சத்திரத்துக்கு முன்னால் மேசையில் நாலைந்து தொப்பிகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கல்லூரியின் சின்னம். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். பையன் ஒரு தொப்பியின் பக்கம் கையைக் கொண்டுபோவான், நிறுத்துவான், வேறொன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வான். கை நின்ற அந்த ஒரு நொடியில் ஒரு மாநிலத்துக்கே ரத்த அழுத்தம் எகிறும். தென் கரோலைனா மாநிலத்து ஸ்பார்ட்டன்பர்க் ஊரில் படித்த சயான் வில்லியம்சன் விஷயத்தில் இப்படித்தான் ஆயிற்று. கிளெம்சன் பல்கலைக்கழகம் அந்த ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். பையனின் வளர்ப்புத் தந்தை அந்தக் கல்லூரிக்காகவே ஆடியவர். இரண்டும் இரண்டும் நாலு என்று கிளெம்சன் ரசிகர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 2018 ஜனவரி 20 அன்று பையன் வாயைத் திறந்து, பக்கத்து மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னான். அந்தப் பதினேழு வயதுப் பையனை நேரில் ஒரு தடவைகூடப் பார்த்திராத பெரிய மனிதர்கள் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

சரி, அவனை அடைந்த டியூக்காரர்களுக்குத்தான் என்ன கிடைத்தது? 33 ஆட்டம். ஒரே ஒரு பருவம். 2019-ல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆளாகப் போய்விட்டார் வில்லியம்சன். பள்ளி முடித்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், வயது 19 ஆகியிருக்க வேண்டும் என்று என்.பி.ஏ. 2005-ல் ஒரு விதி கொண்டுவந்தது. அதிலிருந்து பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரி என்பது ரயில் வரும்வரை உட்கார்ந்திருக்கும் இடம், அவ்வளவுதான். நாலு வருஷக் கனவு கண்டவனுக்கும் சரி, கனவு பலிக்காதவனுக்கும் சரி, பந்தயத்தில் இருந்ததே ஒரு குளிர்காலம். இதற்கா அத்தனை ஏக்கம்? ஏக்கம் புளித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. ஓஹாயோவின் அக்ரனில் பிறந்து, பள்ளியிலிருந்து நேராக 2003-ல் பக்கத்து கிளீவ்லாந்து அணிக்குப் போனார் லெப்ரான் ஜேம்ஸ். கல்லூரி வாசலையே மிதிக்கவில்லை. 2010-ல் மயாமிக்குப் போகிறேன் என்று அவர் டி.வி.யில் உட்கார்ந்து அறிவித்ததும், கிளீவ்லாந்து தெருவில் அவர் பெயர் போட்ட பனியன்களைக் கொளுத்தினார்கள். 2014-ல் திரும்பி வந்தார்; 2016-ல் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். கொளுத்தியவர்கள் அதே பனியனுக்கு மறுபடியும் காசு கொடுத்திருக்க வேண்டும். முன்கூட்டி நேசிப்பதில் செலவு இரட்டிப்பு.

நம் முறையில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. அட்டப்பாடி நக்குப்பதி ஊரின் நஞ்சியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்காரர் இல்லைதான்; ஆனாலும் இந்த மலையின் ஆகப்பெரிய நட்சத்திரம் அவர்தான் என்பதில் இரண்டாவது பேச்சில்லை. ஆடு மாடு மேய்த்துக்கொண்டு, இருளர் மொழியில் காலமெல்லாம் பாடிக்கொண்டிருந்தார். அவர் எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று அப்போது யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. 2020-ல் அவர் பாடிய ‘அய்யப்பனும் கோஷியும்’ படம் வந்தது, 2022-ல் தேசிய விருது அறிவித்தார்கள். மறுநாளே அவர் கேரளத்தின் பெருமை. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழின் கிளைமொழியில் பாடியவர். மொத்தத்தில் நம்ம ஆள். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன் சத்னாம் சிங் கதையும் இதேதான். ஏழடி இரண்டங்குலப் பையன் லூதியானா அகாடமியில் பழகி, 2010-ல் புளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் பெயரைத் தெரிந்திருந்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். 2015-ல் என்.பி.ஏ. தேர்வில் டல்லாஸ் அணி அவரை 52-ஆவது ஆளாக எடுத்தது. கல்லூரிக்கே போகாமல் போன அவரை மறுநாள் நூற்று இருபது கோடிப் பேரும் சொந்தம் கொண்டாடினோம். எந்தக் கல்லூரி ரசிகனும் மனம் உடையவில்லை, ஒரு பனியனும் எரியவில்லை. இதைவிடச் சுமுகமான ஏற்பாடு உண்டா?

இங்கே ஒருவர் எழுந்து, கேரளத்தில் ரசிகர்களே இல்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். மாநிலப் பள்ளித் தடகளம் வந்தால் கோதமங்கலத்தின் செயின்ட் ஜார்ஜும் மார் பேசிலும் முறைத்துக்கொண்டு நின்றதையும், பாலக்காட்டிலிருந்து கல்லடி, பறளி, முண்டூர் பள்ளிகள் ஏறிவந்து எர்ணாகுளத்தை மிரட்டியதையும் மலையாளப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. 2022-லும் 2023-லும் பாலக்காடுதான் தடகளத்தில் முதலிடம். ஆனால் கவனியுங்கள்: அந்தச் சண்டை பள்ளிக்கூடத்தோடு சரி. பிள்ளையை எந்தப் பள்ளி எடுத்துக்கொள்வது என்பது ஏழாவது எட்டாவதிலேயே முடிந்துவிடும். தொப்பி கிடையாது, கேமரா கிடையாது. பி.டி. மாஸ்டர் வீட்டுக்கு வந்து, ஹாஸ்டல் இருக்கிறது, முட்டை பால் கொடுப்பார்கள், கிரேஸ் மார்க் வரும் என்று அம்மாவிடம் சொல்வார். இடுக்கி மலையிலிருந்தும் அட்டப்பாடியிலிருந்தும் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியோடு கீழே இறங்குவது அந்த வாக்கியத்தை நம்பித்தான். பிளஸ் டூ முடிந்த பிறகு, மாநிலமே பெயர் சொன்ன பிள்ளை எந்தக் கல்லூரிக்குப் போயிற்று என்று கேட்டால் அதே ரசிகர்கள் விழிப்பார்கள்.

விழிப்பதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, அனுபவம். நம் நாட்டில் ஆட்டக்காரர் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. கல்லூரி வழியாகப் போகிற வேலையைத்தான் தேர்ந்தெடுக்கிறார். கோட்டயம் பக்கத்துக் கீது அன்னா ஜோஸ் ஆறடி இரண்டங்குலம். சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக் அணிகள் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்த முதல் இந்தியப் பெண் அவர். ஆனால் அவர் பெயருக்கு முன்னால் காலமெல்லாம் நின்ற அடைமொழி தெற்கு ரயில்வே. சென்னையின் அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரும் தெற்கு ரயில்வே. வயநாட்டு பி.எஸ். ஜீனா இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். அவருக்குக் கேரள மின்வாரியம். கோயம்புத்தூரில் பெரிய போட்டிகள் நடக்கும்போது போய்ப் பாருங்கள்; இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், ஐ.சி.எஃப்., ராணுவம், கடற்படை என்று முதலாளியின் பெயரைத்தான் முதுகில் எழுதிக்கொண்டு ஓடுவார்கள். மின்வாரியம் மூன்று புள்ளி எடுத்ததற்கு மக்கள் கைதட்டுவதை வேறெங்கும் பார்க்க முடியாது. வீட்டில் கரண்ட் போனால் அதே வாயால் திட்டுவோம் என்பது வேறு விஷயம். ஆக, நம் நட்சத்திரத்தின் தொப்பி மேசைமேல் இல்லை; ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வரும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டருக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையிலேயே விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் ஒதுக்குகிறார்கள். அதில் சேருகிற பிள்ளையும் முதலில் கேட்பது கல்லூரியின் வெற்றிச் சரித்திரத்தை அல்ல. அட்டெண்டன்ஸ் கொடுப்பீர்களா, காலை ஆறு மணிப் பயிற்சிக்கு முன்னால் மெஸ் திறந்திருக்குமா என்பதைத்தான். என்னைக் கேட்டால், தொப்பிக்காரப் பையன்களைவிட இது தெளிவான கேள்வி.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. ரசிகர்களின் ஏக்கம்தான் அமெரிக்காவில் பணமாக மாறுகிறது, அரங்கமாக, பயிற்சியாளராக, டாக்டராக மாறுகிறது. ஏங்காத ஊரில் சிமென்ட் தரைதான் மிஞ்சும் என்கிறார்கள். உண்மை. பந்தயம் கட்டி மறுக்க முடியாத உண்மை. ஆனால் அந்தப் பணம் ரொம்ப காலம் ஆட்டக்காரனைத் தவிர எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. கோச்சுக்குப் பல கோடி, டி.வி.க்குப் பல கோடி, வியர்வை சிந்தியவனுக்கு ஃபீஸ் தள்ளுபடி. தன் பெயரையும் படத்தையும் வைத்து அவனே சம்பாதிக்கலாம் என்ற அனுமதி வந்தது 2021 ஜூலையில்தான். கல்லூரிகளே நேராகச் சம்பளம்போல் கொடுக்கலாம், ஒரு கல்லூரிக்கு முதல் வருஷம் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை என்று நீதிமன்ற ஒப்பந்தம் வந்தது 2025-ல். அந்தப் பணம் வந்ததும் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? பையன்களுக்குக் காசு ஆசை வந்துவிட்டது, பழைய பாசம் இல்லை என்று அலுத்துக்கொண்டார்கள். தங்கள் பாசத்துக்குத்தான் ஆடினார்கள் என்று அத்தனை காலமும் நம்பியிருந்தார்களாம்.

இதுவரை என் கட்சி ஜெயித்துக்கொண்டுதான் வருகிறது. ஒரே ஒரு இடத்தில் இடறும். அதை மறைத்துவிட்டுப் போனால் வழக்கு நிற்காது. 2019 பிப்ரவரி 20 அன்று டியூக்கும் வட கரோலைனாவும் மோதின. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வில்லியம்சன் சடக்கென்று திரும்பினார். இடது கால் ஷூ பக்கவாட்டில் பிளந்து, பாதம் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. பார்வையாளர் வரிசையில் இருந்த முன்னாள் ஜனாதிபதி ஒபாமா விரலை நீட்டி, அவன் ஷூ கிழிந்துவிட்டது என்றார். மறுநாள் பங்குச் சந்தையில் நைக்கியின் விலையே இறங்கியது. ஒரு பையனின் ஷூ கிழிந்ததற்கு ஒரு தேசம் பதறியது. நம் பக்கத்து மைதானங்களில் ஷூ தினம் கிழிகிறது. அடிப்பாகம் வாயைப் பிளந்து, பெவிகால் வைத்து ஒட்டி, அதன்மேல் நூல் போட்டுத் தைத்து, அண்ணன் போட்டதைத் தம்பி போட்டுக்கொண்டு ஓடுகிறான். பார்க்க ஒபாமா இல்லாவிட்டால் போகிறது, வார்டு மெம்பர்கூட இல்லை. முன்கூட்டி ஏங்கும் ரசிகன் அசட்டுத்தனமாக எரிச்சலூட்டுவான், பனியனைக் கொளுத்துவான். ஆனால் பையனின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பின்னால் வந்து உரிமை கொண்டாடும் நாம் கழுத்தைத்தான் பார்க்கிறோம், அங்கே மெடல் தொங்குகிறதா என்று.

இதற்காக நாமும் தொப்பி வாங்கி மேசையில் அடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் சுபாவத்துக்கு ஏற்ற ஒரு சின்ன மாற்றம் போதும்: ஃப்ளெக்ஸை முன்னால் கொண்டுவருவது. ஜெயித்த பிறகு எப்படியும் செக்போஸ்ட்டிலிருந்து கோட்டத்தறை வரை வைக்கத்தான் போகிறோம். அதில் பையன் படம் ஸ்டாம்பு அளவிலும், வாழ்த்துபவர்கள் படம் வாசல் அளவிலும் இருக்கத்தான் போகிறது. அந்தச் செலவை அவன் எட்டாவது படிக்கும்போதே செய்துவிடலாம், ஃப்ளெக்ஸுக்குப் பதிலாக ஒரு ஜோடி ஷூவாக. வாழ்த்துபவர்கள் பெயர்களை ஷூவின் அடியில் எழுதிக்கொள்ளட்டும், ஆட்சேபம் இல்லை. அப்புறம் அவன் பீளமேட்டுக்குப் போனால் என்ன, பாலக்காட்டுக்குப் போனால் என்ன? ஆனால் இப்போதே ஒன்று தெரிகிறது. ஷூ வாங்கிக் கொடுத்த கையோடு, எங்க பக்கத்துக் கல்லூரியில்தான் நீ சேர வேண்டும் என்று ஒருவர் சொல்லிவிடுவார். அந்தப் பக்கத்துக்காரர் இன்னும் விலை கூடின ஷூவோடு வந்துவிடுவார். வரட்டும். அந்தச் சண்டையில் பையனுக்கு இரண்டு ஜோடி ஷூவாவது மிஞ்சும்.