கரையான் பதில்கள்

கேள்வி: புத்தகம் என்று பெயர் வாங்கக் குறைந்தது எத்தனை பக்கம் வேண்டும்? (ஓர் ஆசிரியை, திருவாரூர்)

பதில்: அட்டை நீங்கலாக 49 என்று 1964இல் யுனெஸ்கோ வரையறுத்தது. அதற்குக் கீழே என்றால் சிறுபிரசுரமாம். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கம்தான். தமிழ் எழுத்தில் வந்த முதல் அச்சு நூலே யுனெஸ்கோ பரீட்சையில் ஃபெயில்!

கேள்வி: மின்நூல் வந்துவிட்டதே, இனி உம் கதி? (கோவை)

பதில்: கடித்துப் பார்த்தேன். பல்லுக்கு ஆகவில்லை.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் படிக்க நேரமில்லை. சினிமா பார்த்தால் போதாதா? (நாமக்கல்)

பதில்: கல்கி 1950 அக்டோபரில் ஆரம்பித்து மூன்றரை வருஷம் வாராவாரம் எழுதினார். ஜனங்களும் வாராவாரம் காத்துக் கிடந்தார்கள். வந்தியத்தேவனே குதிரையில்தான் போகிறான். உமக்கு அப்படி என்னய்யா அவசரம்?

கேள்வி: எந்தப் பதிப்பகத்துக்குப் போனாலும் அதே நாவல்தானே அடுக்கியிருக்கிறது? (அதே நாமக்கல்)

பதில்: கல்கியின் எழுத்து நாட்டுடைமை. யாரும் அச்சடிக்கலாம். படிப்பது மட்டும் இன்னும் தனியுடைமை, அதைத்தான் நீர் வேண்டாம் என்கிறீர்.

கேள்வி: அறிவியல் புத்தகம் எழுதிவைத்திருக்கிறேன். பணம் போட ஆளில்லை. (ஓய்வு பெற்ற பேராசிரியர், திருச்சி)

பதில்: நியூட்டனுக்கே இல்லை, வாரும். லண்டன் ராயல் சொசைட்டி 1686இல் மீன்களைப் பற்றிப் படம் போட்டு ஒரு தடிமனான நூல் வெளியிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டது. மறு வருஷம் நியூட்டனின் ‘பிரின்கிபியா’ வந்து நின்றபோது கஜானா காலி. வால்நட்சத்திரப் புகழ் ஹாலிதான் சொந்தக் காசில் அச்சிட்டார். சொசைட்டி அந்த மனிதருக்குச் சம்பள பாக்கியும் வைத்திருந்தது. அதை எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? விற்காத மீன் புத்தகங்களைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். குழம்புகூட வைக்க முடியாத மீன்!

கேள்வி: கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. என்ன புத்தகம் வாங்கலாம்? (மாப்பிள்ளை, மதுரை)

பதில்: எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’. முதல் பாகம் 1951இல் வந்தது, இன்னும் கைகொடுக்கிறது. பெண்ணுக்குப் பரிசா? யார் சொன்னது? உமக்கய்யா!

கேள்வி: உ.வே.சா.வைப் பற்றி உம் கருத்து? (கும்பகோணம்)

பதில்: எங்கள் குலத்துக்கே பரம விரோதி. ஏட்டுச்சுவடிகளை நாங்கள் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தோம். ஊர் ஊராக வந்து வாயிலிருந்து பிடுங்கினார். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அச்சில் ஏற்றி எங்கள் அடிமடியில் கைவைத்தார்.

ஆனால் எதிரியானாலும் ‘என் சரித்திரம்’ அபாரம். விகடனில் தொடராக வந்துகொண்டிருக்கும்போதே 1942இல் காலமாகிவிட்டார். கதை 1898, மணிமேகலைப் பதிப்போடு நின்றுவிட்டது. நாற்பத்துச் சொச்சம் வருஷம் நமக்குப் பாக்கி. இப்போது வரும் சுயசரிதைகளில் வேறு வியாதி: முன்னுரையிலேயே நிறுத்தியிருக்கலாம்.

கேள்வி: செத்தவர் பிழைத்து வருவது டிவி சீரியல்காரர்கள் கண்டுபிடித்ததுதானே? (சேலம்)

பதில்: கானன் டாயில் முந்திக்கொண்டார். 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்து அருவியில் தொலைத்துக் கட்டினார். வாசகர்கள் விடவில்லை. 1903இல் முழு உருவமாக அழைத்துவந்தார். பிளாஸ்டிக் சர்ஜரி ஆனதாகச் சொல்லி ஆளை மாற்றவில்லை. அந்த மட்டில் கண்ணியவான்.

கேள்வி: கடன் கழுத்தை நெரிக்கிறது. நாவல் எழுதி மீளலாமா? (விருதுநகர்)

பதில்: தஸ்தயேவ்ஸ்கி முயன்றார். பதிப்பாளரிடம் மூவாயிரம் ரூபிள் வாங்கினார். நிபந்தனை: 1866 நவம்பர் 1க்குள் புது நாவல் தராவிட்டால், ஒன்பது வருஷத்துக்கு உம் எழுத்தையெல்லாம் பைசா கொடுக்காமல் வெளியிட்டுக்கொள்வேன். அக்டோபர் பிறந்தும் ஒரு வரி எழுதியபாடில்லை. அன்னா என்ற இளம்பெண்ணைச் சுருக்கெழுத்துக்கு வைத்துக்கொண்டு, 26 நாளில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார். விஷயம் ரூலட் சூதாட்டம், ஆராய்ச்சியே தேவைப்படவில்லை.

கெடு நாளன்று பதிப்பாளர் ஊரிலேயே இல்லை. கில்லாடி! நம்மவர் காவல் நிலையத்தில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து ரசீது வாங்கினார். 1867 பிப்ரவரியில் அன்னாவையே கைப்பிடித்தார். நாவல் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு. கடன்? அதற்குப் பயந்துதான் அந்த ஏப்ரலில் ஜோடியாக வெளிநாட்டுக்கு ரயில் ஏறினார்கள்.

கேள்வி: இரவல் கொடுத்த புத்தகம் திரும்ப வர வழி? (புதுச்சேரி)

பதில்: வாங்கியவர் வீட்டுக்குப் போய் இரவல் கேளும். பெருந்தன்மையாகத் தருவார்.

கேள்வி: ஓட்டலுக்கு நட்சத்திரம் தரும் மிஷ்லின் கையேடு டயர் கம்பெனி போட்டதாமே? நிஜமா? (ஈரோடு)

பதில்: நிஜம். 1900இல் முதல் பதிப்பு, சாப்பாட்டு நட்சத்திரம் 1926இல். நல்ல சாப்பாடு தூரத்தில் இருந்தால்தானே டயர் தேயும்!

கேள்வி: கணக்குப் படித்தவனுக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்? (மாணவன், கரூர்)

பதில்: சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். தனியே உட்கார்ந்திருப்பது சகிக்காமல் பழைய வேலைக்கே ஓடப் பார்த்தார். பிடித்து லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை எழுதி உலகத்துக்கே வாத்தியார் ஆனார். எந்தப் புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது மூன்றாம் விதி. கவிதைத் தொகுப்பு போட்ட என் நண்பர்கள் அந்த ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: அறுபது வயதிலும் காமிக்ஸ் படிக்கிறேன். என் மனைவி சிரிக்கிறாள். (சிவகாசி)

பதில்: முத்து காமிக்ஸின் முதல் இதழே, 1972இல், இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் தெரியும். உங்களுக்கு மின்சாரமும் தேவையில்லையாம். புத்தகத்தைத் திறந்தால் ஆளைக் காணோம், காபி டம்ளருக்கு நீளும் கை மட்டும் தெரிகிறது என்று வீட்டம்மா தனிக் கார்டு போட்டிருக்கிறார்.