ரேட்டைக் கொறைச்சுக் கேளு, மாப்ள

வா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. ஐநூறு ரூவாய்க்கு லேண்டிங் பேஜ் போட்டுத் தர்ற பய ஒருத்தன் ஆன்லைன்ல சிக்கியிருக்கான்னு உங்க அத்தைகிட்டச் சொன்னியாமே. கெட்டிக்காரன்டா நீ. விளக்குத்தூண் பக்கத்துல கடை போட்டு, சுங்குடிச் சேலைக்கு ஆயிரத்து நூறு சொல்லி எழுநூறுக்கு எறங்கி வர்றவனுக்குப் பேரம் பேச நான் சொல்லிக் குடுக்கணுமா? ஆனா ஒண்ணு, ஐநூறுக்கே ஒத்துக்கிட்டது எனக்கு வருத்தந்தான். முந்நூறுக்கு முடிச்சிருக்கலாம்.

முந்நூறுக்கு முடிக்கிற வழியையும் கேட்டுக்க. மொதல்ல, நீ என்ன விக்கிறன்னு அவன்கிட்டச் சொல்லவே கூடாது. "சேலைக் கடை. நீங்களே பார்த்து நல்லா எழுதிக்கங்க"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் தட்டிவிடு. கைமுடிச்சுச் சுங்குடியா, மெழுகு அச்சா, ஸ்கிரீன் பிரிண்டா, மொத்த வியாபாரமா சில்லறையா, வாங்க வேண்டியவ சென்னையில இருக்காளா சிங்கப்பூர்ல இருக்காளா, எதையும் மூச்சு விட்டுறாத. சொன்னா யோசிக்க ஆரம்பிச்சுருவான். யோசிச்சா ரேட்டு ஏறும்.

அந்தப் பய கணக்கையும் பாரு. 2010-ல ஃபைவர்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாய்ங்க. அப்ப எந்த வேலைன்னாலும் அஞ்சு டாலருன்னு கடை விரிச்சதுதான் இந்தச் சந்தைக்கே பேர் வாங்கிக் குடுத்துச்சு. இப்பவும் வேலை செஞ்சவன் வாங்குற காசுல நூத்துக்கு இருபது அந்தக் கம்பெனிக்கு. இந்தப் பயலும் அங்க கடை போட்டவன்னா உன் ஐநூறுல நூறு அங்கிட்டுப் போயிரும். மிச்சம் நானூறு ரூவாய்க்கு ஒருத்தன் உன் சேலையைப் பத்தி எம்புட்டு நேரம் நெனப்பான்? கடைப் பேரைக் கேப்பான், நெறத்தைக் கேப்பான், ஏற்கெனவே பல்லு டாக்டருக்குச் செஞ்ச டெம்ப்ளேட்டுல பல்லை எடுத்துட்டுச் சேலையை மாட்டுவான். அவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். வாங்குன காசுக்கு அது நேர்மையான வேலை.

சேலைப் படம் நீ குடுக்கலைன்னா அவனே இலவசப் படம் தேடுவான். முடிச்சுப் போட்டுச் சாயம் முக்குன சேலைன்னு தேடினா என்ன வரும்? பாந்தினி வரும். ராஜஸ்தான் அம்மா ஒருத்தி பாந்தினியை முக்காடு போட்டுக்கிட்டு உன் பேஜ்ல சிரிப்பா. கீழ "மதுரையின் பாரம்பரியம்"னு பெருசா எழுதியிருக்கும். சுங்குடிக்கு 2005-லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. துணியை மடிச்சு, நகத்தால கிள்ளி, நூலைச் சுத்தி முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்குறது நம்ம சௌராஷ்டிரக் குடும்பங்க தலைமுறையாச் செஞ்சுக்கிட்டு வர்ற வேலை. முடிச்சை அவுத்தாப் புள்ளி விழுந்திருக்கும். கைமுடிச்சுங்கிறதால ஒரு புள்ளி மாதிரி இன்னொண்ணு இருக்காது. அந்தப் புள்ளியைக் கிட்டத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்துப் போட்டாப் போதும், வாங்குறவ தானா நிப்பா. சன்னல் வெளிச்சத்துல உன் போன்லயே எடுக்கலாம். செலவு ஒண்ணுமில்லை. அதனாலதான் நீ செய்ய மாட்ட.

அப்புறம் அந்தப் பேஜ்ல என்னென்ன இருக்கணும்னு ஒரு லிஸ்டு வச்சிருக்கியாமே. அதையுந்தான் உங்க அத்தை சொன்னா. ஒங்கப்பா போட்டோ, கடை தெறந்த அன்னிக்கு ரிப்பன் வெட்டுன கவுன்சிலர் போட்டோ, மீனாட்சியம்மன் கோபுரம், மச்சானோட ரியல் எஸ்டேட் நம்பரு, மூலையில ஓடுற மல்லிகைப் பூ, பொங்கல் வாழ்த்து. மாப்ள, நீ கேக்குறது லேண்டிங் பேஜ் இல்லடா, கல்யாண ஃப்ளெக்ஸ். நம்ம ஊர்ல மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரு ஓரமா நிப்பாக, பின்னாடி சிங்கம் உறுமும், மேல நடிகர் கை காட்டுவாரு, கீழ முப்பது தலை வரிசையா, ஒவ்வொரு தலைக்கும் ஒரு பட்டப்பேரு. முகூர்த்தம் எந்த மண்டபம்னு தேடிப் பார்த்தா, கடைசிக் கூட்டாளியோட தாடிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். ஃப்ளெக்ஸுக்கு அது பரவாயில்லை. ஊருக்கே பத்திரிகை வச்சாச்சு, மண்டபம் தெரியும். தலை விட்டுப்போச்சுன்னாத்தான் சண்டை வரும். ஆனா விளம்பரத்தைத் தொட்டுட்டு உன் பேஜுக்கு வந்தவளுக்கு ஒங்கப்பாவும் தெரியாது, கவுன்சிலரையும் தெரியாது. இது என்ன சேலை, என்ன வெலை, எப்ப வரும், புடிக்கலைன்னாத் திருப்பி எடுப்பியா, யாரைக் கேக்கணும். இம்புட்டுத்தான் அவளுக்கு வேணும். கீழ வாட்ஸப் பொத்தான் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல விளம்பரத்துக்குக் கட்டுற காசை மறந்துட்டியா? ஒருத்தியைத் தொட வச்சு உள்ள கொண்டு வர்றதுக்குத்தான் உன் காசு கழியுது. அவ பேஜ் தெறக்கிறதுக்குள்ள அலுத்துத் திரும்பிட்டாலும் கழிஞ்சது கழிஞ்சதுதான். டிசைனர்கிட்ட மிச்சம் புடிச்ச ஆயிரத்தை விளம்பரக்காரனுக்கு மாசாமாசம் மொய் வைக்கப் போற. பேஜோட முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள்ள கண்ணுக்குத் தெரியணும்னு கூகுளே அளவு சொல்லுது. காசில்லாமச் சோதிச்சுப் பார்க்கப் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்னு ஒண்ணு வச்சிருக்காய்ங்க. அதுகூட வேணாம். அந்தப் பய முன்னாடி செஞ்ச பேஜ் ஒண்ணை வாங்கிக்கிட்டு, உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுல நின்னு உன் போன்லயே தெறந்து பாரு. லேப்டாப்புல எல்லாப் பேஜும் அழகாத்தான் இருக்கும்.

தமிழ் எழுத்து விசயத்துல ரொம்பப் பேரு மாட்டுறாய்ங்க. தெக்கு மாசி வீதியில ஃப்ளெக்ஸ் அடிச்சுக் குடுத்த தம்பியே வெப் பேஜும் போடுறேன்னு வருவான், ரேட்டும் சல்லிசு. பல ஃப்ளெக்ஸ் கடையில பாமினி எழுத்துருதான் பழக்கம். அந்தக் கம்ப்யூட்டர்ல தமிழாத் தெரியிறது, அந்த எழுத்துரு இல்லாத போன்ல இங்கிலீசு எழுத்தும் கமாவுமாக் கொட்டிக் கெடக்கும். யூனிகோட்ல அடிச்சாத்தான் எல்லாப் போன்லயும் தமிழ் வரும். விவரமானவன்னா, "எழுத்தைப் படமாவே போட்டுட்டேன்ணே"ம்பான். அப்ப போன் எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கிற வயசானவளுக்கும் பிரயோசனமில்லை, கூகுள்ல "சுங்குடி"ன்னு தேடுறவளுக்கும் கெடைக்காது. காசு பேசுறதுக்கு முன்னாடி இதைக் கேளு. அவன் முழிச்சா, நீயும் முழிச்சுக்க.

ஏஐ-கிட்டயே எழுதி வாங்கிக்கலாம்னு நெனக்கிறியா? தாராளமா. "உங்கள் கனவுகளுக்கு வண்ணம் சேர்ப்போம்"னு எழுதிக் குடுக்கும். எதுத்த கடைக்கும் அதையேதான் எழுதிக் குடுத்திருக்கு.

இனிமே சொல்லப்போறது லந்து இல்லை. திருமங்கலத்துல பத்திரம் எழுதியே கண்ணு மங்குனவன் சொல்றேன். உன் கடைப் பேருல டொமைன் வாங்குறப்ப, அவன் தன்னோட மெயிலைப் போட்டு வாங்குவான். "நான் பார்த்துக்கிறேன்ணே"ம்பான். ஒரு வருசம் கழிச்சுப் புதுப்பிக்கச் சொல்லி வர்ற கடிதாசி அவனுக்குப் போகும். அவன் கல்யாணம் முடிச்சு துபாய் போயிருப்பான். உன் கடைப் பேரை வேற எவனோ வாங்கி வச்சுக்கிட்டு உனக்கே வெலை சொல்லுவான். டொமைன், ஹோஸ்டிங் ரெண்டும் உன் மெயில், உன் போன் நம்பரு. இதுல மாமன் மச்சான் கெடையாது.

இன்னொண்ணு உனக்குத் தெரியவே தெரியாது. உன் கடைச் சம்பளக்காரன் செஞ்சாச் சங்கதி வேற. வெளியாளு செஞ்ச டிசைனும் கோடும், காசு குடுத்த ஒரே காரணத்துக்காக உனக்கு ஆகிறாது. 1957-ம் வருசப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துல, கையெழுத்தோட மாத்திக் குடுக்கணும். எம்புட்டுக் காலம்னு எழுதலைன்னா 5 வருசம்னுதான் சட்டம் எடுத்துக்கும். எந்த எல்லைக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். நீ சிங்கப்பூருக்குச் சேலை விக்கிற ஆளு. கால் சென்ட் நெலத்துக்கு நாலெல்லை கேட்டுச் சண்டை போட்ட, இதுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்க வலிக்குதா? அந்தப் பக்கத்துலயே எத்தனை திருத்தம், எந்தத் தேதி, முன்பணம் எம்புட்டு, முடிஞ்சதும் எம்புட்டு, டிசைன் போட்ட ஃபிக்மா ஃபைலு யார்கிட்ட, எல்லாம் வந்துரும். திருத்தத்தை ஒரே தடவையாச் சொல்லு. காலையில நீ சிவப்புங்கிற, மத்தியானம் மச்சான் பச்சைங்கிறான், ராத்திரி கணக்குப்பிள்ளை மஞ்சள்ங்கிறாரு. செய்யிறவன் மனுசன்தான்.

கையில காசு கம்மின்னா அதுக்கும் வழி இல்லாம இல்லை. நல்ல டெம்ப்ளேட்டாக் காசு குடுத்தே வாங்கு. அதை உன் கடைக்குத் தகுந்தபடி மாத்துறதுக்கு மட்டும் ஆளைப் புடி. படம் உன்னுது, சேதியும் உன் வாயால சொன்னது. கடையில ஒரு பொம்பளைக்கு நீ சேலை விக்கிறப்ப என்ன பேசுறியோ அதையே போன்ல ரெக்கார்டு பண்ணிக் குடு. மொதல்ல சின்ன வேலை ஒண்ணு குடுத்து, அதுக்குக் காசும் குடுத்துப் பாரு. "சாம்பிள் சும்மா பண்ணிக் காட்டு"ன்னு கேக்காத. நீ யாருக்காவது ஒரு சேலையைச் சும்மா கட்டிப் பார்க்கக் குடுப்பியா?

இதெல்லாம் திண்ணையில கெடக்கிற கெழவனுக்கு எப்படித் தெரியும்னு பார்க்குறியா? உள்ள எம் பேத்தி நாளு முழுக்க இதே வேலைதானே பார்க்குறா. வடபழஞ்சி எல்காட்டுல வேலைக்குப் போனவ, கொழந்தை பெறந்ததும் வீட்டுல இருந்தே செய்யிறா. போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவா, பேரம் பேசுற அம்புட்டுப் பேரும் என் காதுல விழுவாய்ங்க. "சின்ன வேலைதானேம்மா"ன்னு ஆரம்பிக்காதவன் ஒருத்தன் கெடையாது. போன தீவாளிக்கு நீயும் அப்படித்தான் ஆரம்பிச்ச, சொந்தத்துக்குள்ள எதுக்குக் காசுன்னு. அவ முடியாதுன்னதும் ஐநூறு ரூவாப் பயலைத் தேடிப் போயிட்ட.

நீ வர்றேன்னு தெரிஞ்சதும் நேத்தே அவகிட்டக் கேட்டு வச்சேன். ஒரு ரேட்டுச் சொன்னா. "நம்ம ஆளுதானே தாத்தா, கொறைச்சுக்கவா?"ன்னா. நான்தான், "அவன் விளக்குத்தூண்காரன், எப்படியும் பேரம் பேசுவான். ரெண்டாயிரம் ஏத்திச் சொல்லு, பெறகு எறங்கிக்கலாம்"னேன். பாதி முன்பணம். ஜிபே நம்பரு உங்க அத்தைகிட்ட இருக்கு. அந்தக் காபியைக் குடி மாப்ள, ஆறுது. அதுக்கு ரேட்டு போடலை.