மர்டாக்கில் இல்லை

பழைய புத்தக வியாபாரத்தில் நாக்கூசாமல் சொல்லக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு. ‘மர்டாக்கில் இல்லை, சார்.’ சொன்னதும் எதிரே நிற்பவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வார். அவர் துடைத்து முடிப்பதற்குள் விலை கொஞ்சம் ஏறியிருக்கும்.

ஜான் மர்டாக் ஸ்காட்லாந்துக்காரர், மிஷனரி. இலங்கையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். அதுவரை அச்சான தமிழ்ப் புத்தகங்களைத் தேடித் துருவி, பொருள்வாரியாகப் பிரித்து, ஆங்கிலத்தில் குறிப்பெழுதி 1865-ல் சென்னையில் பட்டியலாக வெளியிட்டார். 1968-ல் தமிழ் வளர்ச்சி ஆராய்ச்சி மன்றம் அதை மறுபதிப்புச் செய்தது. அந்த மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. அது இப்போது ஏன் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் பழைய கணக்குகளைத் தீர்த்துவிடுகிறேன்.

மர்டாக்கிலேயே இல்லை என்றால் அந்த மனிதர் கண்ணுக்கே தப்பிய புத்தகம், அவ்வளவு அரிது என்று பொருள். இந்த அஸ்திரத்தை நான் முதன்முதலாக எடுத்தது 1871-ல் அச்சான ஒரு நீதிநூல் உரைக்காக. வந்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவரிடம் குரலைத் தாழ்த்தி, ‘மர்டாக்கில் இல்லைங்க ஐயா’ என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘எப்படித் தம்பி இருக்கும்? அவர் பட்டியல் போட்டு ஆறு வருஷம் கழித்து வந்த புத்தகம். மர்டாக் பாதிரிமார் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான், ஜோசியர் இல்லை’ என்றார். பிறகு அவர் சொன்ன விலைக்கே கொடுத்தேன். பேரம் பேசும் தைரியம் போய்விட்டது.

இத்தனைக்கும் 1865 என்பது அந்தப் புத்தகத்தின் முகப்பிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் முகப்பைப் பார்த்ததில்லை. பட்டியல் என்றால் நேராக உள்ளே போய் விரலை ஓட்டுவது என்றே பழகியிருந்தேன். முகவுரை என்பது வேலையில்லாதவர்கள் படிப்பது என்று நினைப்பு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த முதலாளி மூர் மார்க்கெட் காலத்து ஆள். அவரிடம் பட்டியல் எதுவும் கிடையாது. புத்தகத்தைக் கையில் எடுத்து, கட்டடத்தைத் தடவி, ஒரு தாளைச் சுண்டிப் பார்த்து, ‘இது எழுபதுக்கு முந்தி’ என்பார். அவர் சொன்னது பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுபதா இருபதாம் நூற்றாண்டு எழுபதா என்று கேட்கக் கூடாது, புரிந்துகொள்ள வேண்டும். 1985-ல் மார்க்கெட் எரிந்தபோது போனது புத்தகங்கள் மட்டுமல்ல, இப்படித் தடவியே வயது சொல்லும் ஆட்கள் உட்காரும் இடமும்தான். அந்த விரல் எனக்கு வாய்க்கவில்லை. விரல் இல்லாதவனுக்குப் பட்டியல் என்று ஆறுதல்பட்டுக்கொண்டுதான் ரெஃபரன்ஸ் புத்தகங்கள் வாங்க ஆரம்பித்தேன். வாங்கிய பிறகுதான் அவற்றுக்கும் விரல் வேண்டும் என்று தெரிந்தது.

அடுத்து வாங்கியது பிரிட்டிஷ் மியூசியப் பட்டியலின் ஒளிநகல். பார்னெட்டும் போப்பும் தயாரித்து 1909-ல் வந்தது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த அதே போப். அதில் ஆசிரியர்கள் ஆங்கில அகரவரிசையில் இருப்பார்கள், எழுத்துகளுக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியுமாக. நான் பிள்ளைகளையெல்லாம் ‘பிள்ளை’ என்ற இடத்தில் தேடினேன், முதலியார்களை ‘முதலியார்’ என்ற இடத்தில். ஒருவரும் அகப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் பிள்ளைமார் யாரும் புத்தகமே எழுதவில்லை போலிருக்கிறது என்ற அளவுக்கு என் ஆராய்ச்சி போயிற்று. அவர்கள் எல்லாரும் தத்தம் சொந்தப் பெயரில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள்.

அதே பட்டியலில் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் 8 என்று போட்டு அதன் தோளில் ஒரு சின்ன வட்டம் வைத்திருப்பார்கள். சில இடங்களில் 12. இது தொகுதி எண்ணிக்கை என்று நானாக முடிவுகட்டினேன். ஒரு வாடிக்கையாளரிடம், ‘மொத்தம் எட்டு வால்யூம் சார், நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு, மத்த ஏழும் தேடிக்கிட்டிருக்கேன்’ என்று நம்பிக்கையாகச் சொன்னேன். அவரும் நம்பினார். கையில் இருந்தது அறுபது பக்க அந்தாதி. ஓர் அந்தாதி எட்டு வால்யூம் ஓடுமா என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அந்த 8 தாள் மடிப்பின் கணக்கு: ஒரு முழுத்தாளை மடித்து எட்டு இலையாக்கிய அளவு. அச்சகத்தில் நாள் முழுக்க ‘டெம்மி ஒன்றுக்கு எட்டு’ என்று பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். மேலே வட்டம் போட்டதும் எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

சதுர அடைப்புக்குள் இருக்கும் ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. புத்தகத்தில் ஆண்டே இல்லை, பட்டியல் போட்டவர் ஊகித்தது என்பதற்கான குறி அது. பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அந்த ஊகத்திலும் அவருக்குச் சந்தேகம். நான் அடைப்பையும் கேள்விக்குறியையும் அச்சுப்பிழை மாதிரி ஒதுக்கிவிட்டு ஆண்டை மட்டும் எடுத்து விலைச்சீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இனி ஆண்டு விவகாரத்துக்கு வருகிறேன். என் மானம் அதிகம் போனது இங்கேதான்.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் முகப்பில் ஆண்டைத் தமிழ் எண்ணில் போட்டிருப்பார்கள், அதுவும் ஆயிரம் நூறு பத்தோடு: ௲௮௱௬௰௪. ஆயிரம், எட்டு நூறு, அறுபது, நான்கு, 1864. ஒரு தலபுராண வசனம் கிடைத்தது. முகப்பில் ராமபாணப் பூச்சி ஒரு நேர்த்துளை போட்டிருந்தது, சரியாக ௬-இன் வால் மேல். வால் போன ௬ பார்ப்பதற்கு ௪. நான் 1844 என்று படித்தேன். படித்ததும் மூச்சு நின்றது. இந்தியர்கள் தாராளமாக அச்சகம் வைத்துக்கொள்ள வழிவிட்ட சட்டம் வந்ததே 1835-ல். அதற்கு ஒன்பது வருஷம் தள்ளி வந்த புத்தகம் என் மேசையில்! மர்டாக்கைப் புரட்டினேன். அவர் காலத்துக்கு முந்திய புத்தகம்தான், பேராசிரியரின் ஆட்சேபம் இங்கே செல்லாது. இலக்கியப் பகுதி முழுக்கத் தேடினேன். இல்லை. பட்டியலில் எழுதினேன்: ‘1844. மர்டாக்கில் இல்லை.’

கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் முகப்பின் படம் கேட்டார். அனுப்பினேன். இரவு போன் வந்தது. ‘தம்பி, நாற்பத்துநாலு குரோதி வருஷமெல்லோ? நீங்கள் அனுப்பின படத்திலை ரத்தாட்சி எண்டு வடிவாக் கிடக்குது.’

ஆண்டுக்கு நேர் கீழே, பூச்சி தொடாத இடத்தில், ‘இரத்தாக்ஷி வருஷம் ஆவணி மாதம்’ என்று இருந்தது. 1844-ல் சித்திரையில் பிறந்தது குரோதி. இரத்தாட்சி பிறந்தது 1864-ல். இருபது வருஷத்தை நான் இனாமாகக் கூட்டியிருந்தேன். அவர் விடவில்லை. ‘மர்டாக்கிலை சைவப் பகுதியிலை பாத்தனீங்களோ? தலபுராணம் எல்லாம் அங்கைதான்’ என்றார். பார்த்தேன். இருந்தது.

இதற்குப் பரிகாரமாக நான் செய்ததுதான் உச்சம். ஆண்டுக் கணக்கைக் கரைத்துக் குடித்துவிடுவது என்று சாமிக்கண்ணுப் பிள்ளையைத் தேடிப் போனேன். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை பின்னாளில் சென்னைச் சட்டசபைத் தலைவராகவும் இருந்தவர். இந்தியத் தேதிகளைக் கிறிஸ்துவ ஆண்டுக்கு மாற்றும் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. 1922-ல் வெளிவந்த அவருடைய ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ கனத்த தொகுதிகளாக ஒரு வீட்டுப் பரணில் இருப்பதாகத் தகவல் வந்தது. கடன் வாங்கி வாங்கினேன். ஆட்டோவில் ஏற்றி, மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு வந்து, கடையில் இறக்கி, கடைசித் தொகுதியைத் திறந்தேன். அட்டவணை 1799-ல் முடிந்துவிட்டது. கி.பி. 700 முதல் 1799 வரை என்று முகப்பிலேயே இருக்கிறது. கல்வெட்டுக்காரர்களுக்கு அது தங்கச் சுரங்கம். நான் விற்கும் புத்தகங்கள் பெரும்பாலும் 1840-க்குப் பிறகு அச்சானவை. எனக்கு வேண்டியிருந்தது 1911-ல் அவரே எழுதிய ‘இந்தியன் கிரானாலஜி’, கி.பி. 2000 வரை வரும், ஒற்றைப் புத்தகம், விலையும் குறைவு.

அதுகூட வேண்டாம் என்று என் மனைவி நிரூபித்தாள். ‘போன தடவை ரத்தாட்சி எப்போ?’ என்று கேட்டாள். 1984. ‘அதுல அறுபதைக் கழி. இன்னொரு அறுபதைக் கழி.’ 1864. சுவரில் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது, மளிகைக்கடையில் கொடுத்தது. தை, மாசி, பங்குனி என்றால் மட்டும் ஒரு வருஷம் கூட்டிக்கொள்ள வேண்டும், மார்கழிப் பாதியிலேயே ஆங்கில வருஷம் மாறிவிடுவதால் அங்கேயும் ஒரு கண் வேண்டும். எந்த அறுபது என்பதைத்தான் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கும். வெறுமனே பார்த்திப வருஷம் என்று மட்டும் போட்டிருந்தால் அது 1825, 1885, 1945 எதுவாகவும் இருக்கலாம். பின்பக்கத்தில் ‘1867-ம் வருஷத்து 25-வது ஆக்டுப்படி ரிஜிஸ்டர் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் 1825 ஒழிந்தது. தாளும் எழுத்தும் மிச்சத்தைச் சொல்லிவிடும்.

அந்த 25-வது ஆக்டு எங்களுக்குக் கொடுத்த கொடை சாதாரணமல்ல. அச்சான எதையும் அரசிடம் பதிய வேண்டும் என்றது. பதிந்தவற்றின் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெஜட்டில் வந்தது, பக்கம், விலை, எத்தனை பிரதி என்பது உட்பட. 1867 முதலான அந்தப் பதிவுகளைத் திரட்டித்தான் பின்னால் ‘தமிழ் நூல் விவர அட்டவணை’ தொகுதிகளைப் போட்டார்கள். பிரதி எண்ணிக்கை என்ற பகுதியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 250 பிரதி என்றால் அரிது, 5,000 என்றால் மலிவு. விலை போடுவது இவ்வளவு சுலபமா என்று ஒரே உற்சாகம்.

250 பிரதி அச்சான இலக்கண உரைகள் பண்டிதர்கள் வீட்டுப் பீரோக்களில் பத்திரமாக இருந்து, பேரன்கள் வழியாக அலுக்காமல் வந்துகொண்டே இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் அடித்துக் குஜிலி பஜாரில் காலணாவுக்கு விற்ற கொலைச்சிந்துகளும் ரயில் பாட்டுகளும்தான் காணாமல் போயின. வாங்கியவர்கள் படித்தார்கள், பாடினார்கள், பொட்டலம் மடித்தார்கள். பெரும்பாலானவை பட்டியல்களிலும் ஏறவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா இந்த மாதிரித் துண்டு அச்சுகளையும் குப்பை என்று தள்ளாமல் சேர்த்து வைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரிலான நூலகத்தில் அவற்றில் பலதைப் பார்க்க முடிகிறது.

என் கைக்கும் ஒரு கட்டு குஜிலிப் பாட்டுகள் வந்தன. சணல் கயிறு போட்டுக் கட்டி, மேல் தாளில் கத்தியோடு ஓர் ஆள் படம். மர்டாக்கில் பார்த்தேன், பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தேன், அட்டவணையில் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பட்டியலில் இல்லாததற்கு என்ன மதிப்பு என்று மற்ற ரத்தியோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டேன். ‘மர்டாக்கில் இல்லை’ என்று சொல்லியே ஆயுசு முழுக்க விலை ஏற்றப் பார்த்தவன், அந்த வாக்கியம் நிஜமாகவே பொருந்திய ஒரே சமயத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மர்டாக் கைவிட்டுப் போன கதை சின்னது. ஒரு மழைக்காலம், கடையில் ஈ காக்கை இல்லை, வாடகை பாக்கி. மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் வந்து அலமாரியின் பின்வரிசையைக் காட்டி, ‘அண்ணே, அந்த 1968 ரீபிரிண்ட் தருவீங்களா?’ என்றான். அது விற்பனைக்கு இல்லை என்றேன். அவன் ஒரு தொகை சொன்னான். விற்பனைக்கு வந்தது. பிடிஎஃப்தான் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம். ஆனால் ஆங்கில எழுத்தில் மர்டாக் தமிழ்ப் பெயர்களை எழுதியிருக்கும் விதத்துக்கு, கணினியில் தட்டித் தேடினால் பாதி அகப்படாது. தாளைப் புரட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே சந்தேகம் வந்தால் அந்தப் பையனுக்கே போன் செய்கிறேன். எடுக்கிறான், மரியாதையாகப் பதில் சொல்கிறான். போன மாதம் ஒரு வைத்திய நூல் பற்றிக் கேட்டேன். ‘நாலாவது பின்னிணைப்புல இருக்காண்ணே பாக்குறேன்’ என்றான். அதில் பின்னிணைப்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மறுநாள் காலையில் நான் போவதற்குள் அந்த வைத்திய நூலை அவன் வாங்கிக்கொண்டு போயிருந்தான்.